நாயின் ஒரு கண்ணுக்கு இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகள்! தெரியுமா?

நாய்க்கு ஒரு கண்ணில் எத்தனை இமைகள்? இரண்டு என்று சொல்லிவிடாதீர்கள். மூன்று! மேலிமை, கீழிமை போக, மூக்கையொட்டிய மூலையில் இன்னோர் இமை மடங்கிக் கிடக்கிறது. அசந்து தூங்கும் நாயின் கண்ணில் பாதியை மறைத்தபடி வெளிறிய சவ்வு ஒன்று தெரியும். ‘ஐயோ, கண்ணுக்கு என்னாச்சு?’ என்று பதறிப்போய் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அதுதான் மூன்றாம் இமை. அதற்குள் ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அந்தக் குருத்தெலும்பின் அடித்தண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு கண்ணீர்ச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது! மனிதர்களாகிய நமக்கு அந்தச் சுரப்பி கிடையாது. கண்ணாடி முன் நின்று உங்கள் கண்ணின் உள்மூலையைப் பாருங்கள், சிறிய பிறை வடிவ மடிப்பு தெரியும். நம்மிடம் மூன்றாம் இமையின் மிச்சமாக இருப்பது அவ்வளவுதான்.

இன்னொரு சுரப்பி எங்கே இருக்கிறது தெரியுமா? விழிக்கு மேலே, வெளிப்பக்கமாக. நம் கண்குழியைச் சுற்றி முழு எலும்பு வளையம் இருக்கிறது, தடவிப் பார்த்தாலே தெரியும். நாயின் மண்டையோட்டில் அந்த வளையம் முழுமையாக இருக்காது! வெளிப்பக்கத்தில் எலும்பு விட்டுப்போயிருக்கும். அந்த இடைவெளியை உறுதியான தசைநார் ஒன்று அடைக்கிறது. அந்தத் தசைநாருக்கும் நெற்றி எலும்பின் நீட்சிக்கும் அடியில், விழியோடு ஒட்டியபடி தட்டையாக, இளஞ்சிவப்பாகப் படுத்திருக்கிறது தலைமைக் கண்ணீர்ச் சுரப்பி. அதிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட நுண்குழாய்கள் கிளம்பி, மேலிமையின் உட்புறம் விழியோடு சேரும் மடிப்பில் திறக்கின்றன. அந்தத் துளைகளை வெறுங்கண்ணால் தேடினால் கிடைக்காது, அவ்வளவு சிறியவை.

கண்ணுக்குக் கீழே இன்னோர் ஆச்சரியம்! நாயின் கண்குழிக்கு எலும்புத் தரை கிடையாது. தசையும் கொழுப்பும்தான் விழியைத் தாங்குகின்றன. அங்கேயே, விழிக்குக் கீழே, ஓர் உமிழ்நீர்ச் சுரப்பியும் குடியிருக்கிறது! கன்ன எலும்புக்கு உட்புறமாக இருக்கும் இந்தச் சுரப்பி, மேல்தாடையின் கடைவாய்ப் பல்லருகே வாய்க்குள் திறக்கிறது. வாய்க்கு வேலை செய்யும் சுரப்பிக்குக் கண்ணுக்கடியில் வீடு! அது வீங்கினால் நாயின் விழியே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

மூன்றாம் இமை எப்படி நகர்கிறது தெரியுமா? நாயில் அதை இழுத்து மூடுவதற்கென்று பெரிய தசை எதுவும் இல்லை. விழியைக் கண்குழிக்குள் பின்னோக்கி இழுக்கும் தசை ஒன்று நாய்க்கு உண்டு. அதுவும் நமக்குக் கிடையாது. முள்ளோ தூசியோ நெருங்கினால் அந்தத் தசை விழியைச் சட்டென்று உள்ளே இழுக்கும். விழி உள்ளே போனதும் மூன்றாம் இமை தானாகவே கருவிழியின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து மூடும். அப்படி வரும்போதெல்லாம் கண்ணீரைக் கருவிழி முழுக்கப் பூசிவிட்டும் போகிறது. காவலும் பூச்சும் ஒரே வீச்சில்!

கண்ணீரின் நீர்ப்பகுதியில் பெரும்பங்கு மேலே இருக்கும் தலைமைச் சுரப்பியிலிருந்து வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை, சில சமயம் அதற்கும் மேலாகவே, மூன்றாம் இமைச் சுரப்பி கொடுக்கிறது. கண்ணுக்கே தெரியாமல் மறைந்திருக்கும் ஒரு சிறு சதையிடமிருந்து இவ்வளவு கண்ணீர்! இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கு இதைவிட முக்கியமான கணக்கு இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

இனி நுண்ணோக்கிக்கு வாருங்கள். அங்கேதான் மூச்சடைக்க வைக்கும் காட்சி காத்திருக்கிறது!

சுரப்பியிலிருந்து மிக மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, ஹிமடாக்சிலின், இயோசின் என்ற இரண்டு சாயங்களில் தோய்த்துக் கண்ணாடித் தகட்டில் வைக்கிறார்கள். முதல் சாயம் செல்லின் உட்கருவை ஊதா நிறமாக்கும், இரண்டாவது மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாக்கும். குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால், மெல்லிய இணைப்புத் திசு பாத்தி கட்டிப் பிரித்த பல மடல்கள் தெரிகின்றன. ஒவ்வொரு மடலுக்குள்ளும் திராட்சைக் கொத்துதான்! காம்புகளின் இடத்தில் குழாய்கள், பழங்களின் இடத்தில் உருண்டையான சுரப்புக் குமிழ்கள். அசினஸ் என்று அவற்றுக்குப் பெயர்.

உருப்பெருக்கத்தைக் கூட்டி ஒரே ஒரு குமிழை மட்டும் பாருங்கள். கூம்பு வடிவச் செல்கள் வட்டமாகக் கூடி, குறுகிய முனைகளை நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நடுவே ஒரு நுண்துளை, கண்ணீரின் ஊற்றுக்கண் அதுதான். ஒவ்வொரு செல்லிலும் அடிப்பக்கத்தில் உட்கரு. அதையொட்டிப் புரதம் தயாராகும் இடம். தயாரான புரதம் மேல்நோக்கி நகர்ந்து, சின்னஞ்சிறு துகள்களாகப் பொதியப்பட்டு, நடுத்துளையை ஒட்டிய முனையில் குவிந்து காத்திருக்கிறது. நரம்பிலிருந்து உத்தரவு வந்ததுமே துகள்கள் செல்லின் விளிம்பைத் தொட்டு உடைந்து, சரக்கை நடுத்துளையில் கொட்டுகின்றன. கூடவே நீரும் உப்பும் வந்து சேர, கண்ணீர் பிறக்கிறது!

பிறந்த கண்ணீரை வெளியே தள்ளுவது யார்? குமிழின் வெளிப்புறத்தைக் கைவிரித்துக் கட்டிப்பிடித்திருக்கும் தட்டையான செல்கள் சில உண்டு. பார்வைக்கு மெலிந்தவை. ஆனால், தசையில் இருப்பது போன்ற சுருங்கும் புரதம் அவற்றுக்குள் இருக்கிறது. அவை சுருங்கினால் குமிழ் பிழியப்படும், கண்ணீர் குழாய்க்குள் பாயும். நம் கண்ணில் படாத ஒரு சுரப்பியின் ஒவ்வொரு குமிழுக்கும் தனித்தனியாகப் பிழிவதற்கு ஆள் இருக்கிறது என்பதை நினைத்தால் வியக்காமல் இருக்க முடியவில்லை.

குமிழ்களுக்கு இடையே இருக்கும் இடமும் சும்மா கிடக்கவில்லை. அங்கே பிளாஸ்மா செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வீரர்கள் முகாமிட்டிருக்கிறார்கள். அவர்கள் உண்டாக்கும் ஐஜிஏ என்ற எதிர்ப்புரதத்தைக் குமிழின் செல்கள் முதுகுப்புறமாக வாங்கி, தம் உடலுக்குள்ளாகவே கடத்தி, கண்ணீரில் கலந்துவிடுகின்றன! போதாததற்கு லாக்டோஃபெரின் என்ற புரதம் வேறு. கிருமிகள் பெருகுவதற்கு இரும்புச்சத்து வேண்டும். லாக்டோஃபெரின் அந்த இரும்பைக் கவ்விக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடுகிறது. வெறும் உப்புத்தண்ணீர் என்று நினைத்தோமே!

இன்னொன்று. பூனைக்கும் குதிரைக்கும் மூன்றாம் இமைச் சுரப்பி நீர்த்த திரவத்தைச் சுரக்கும் வகை. பன்றிக்கு வழவழப்பான சளித்திரவத்தைச் சுரக்கும் வகை. நாய்க்கு? இரண்டும் கலந்தது! அதனால்தான் சளிப்பொருளைக் காட்டிக்கொடுக்கும் சாயத்தைப் போட்டால், நாயின் சுரப்பியில் சில செல்கள் அடர்ந்த நிறம் பிடிக்கின்றன, சில பிடிப்பதில்லை. ஒரே உறுப்பு, விலங்குக்கு விலங்கு வேறு சமையல்.

கருவிழியின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாதது. அதற்குள் மூன்று விதமான சரக்கு இருக்கிறது. அடியில், விழியோடு ஒட்டிப் பிடிக்கும் சளிப்பொருள். அது இமையின் உட்சவ்வில் இருக்கும் கோப்லெட் செல்களிலிருந்து வருகிறது. நடுவில் நாம் பார்த்த இரண்டு சுரப்பிகளின் நீர். மேலே, அந்த நீர் காற்றில் உலர்ந்துவிடாமல் காக்கும் எண்ணெய். அந்த எண்ணெயைத் தருபவை மெய்போமியன் சுரப்பிகள். நாயின் ஒவ்வோர் இமையிலும் 20 முதல் 40 வரை வரிசையாக நிற்கின்றன. இமையை லேசாகப் பிதுக்கினால், விளிம்பில் புள்ளி புள்ளியாக அவற்றின் வாய்கள் தெரியும். 1666இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் மெய்போம் விரிவாக எழுதியதால் அவருடைய பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது. கண்ணீர்ச் சுரப்பியின் செல் சரக்கை மட்டும் வெளியே விட்டுவிட்டு, தான் அப்படியே இருந்துகொள்கிறது. இமைமுடிகளின் அருகே இருக்கும் மோல் சுரப்பிகளில், செல்லின் நுனி கிள்ளுப்பட்டுச் சரக்கோடு சேர்ந்து போகிறது. மெய்போமியன் சுரப்பியிலோ முழுச் செல்லும் உடைந்து, தானே எண்ணெயாகிப் போய்விடுகிறது! உடலில் சுரப்பிகள் சுரக்கும் முறை மொத்தமே மூன்று என்று கல்லூரியில் பாடம் நடத்துவார்கள். அந்த மூன்றையும் ஒரு நாயின் ஒரே ஒரு கண்ணைச் சுற்றிப் பார்த்துவிடலாம்.

கண்ணீர் மூளையிலிருந்தே வடிகிறது என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் படித்தவர்களே நம்பினார்கள், தெரியுமா? அந்த நம்பிக்கையை உடைத்தவர்களில் முக்கியமானவர் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஸ்டென்சன். 1660இல், 22 வயதில், ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆட்டுத் தலையை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வாய்க்குப் போகும் குழாயைக் கண்டுபிடித்தார். 1662இல் வாய், கண், மூக்கு ஆகியவற்றின் சுரப்பிகளைப் பற்றி எழுதி, கண்ணீர் சுரப்பிகளிலிருந்துதான் வருகிறது என்று காட்டினார். பிறகு பாறை அடுக்குகளை ஆராய்ந்து நிலவியலுக்கு அடித்தளம் போட்டார். கடைசியில் கத்தோலிக்க ஆயர் ஆனார். 1988இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். ஒரே மனிதர்!

நாயின் மூக்குக்குள் ஆழத்தில் ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கும் ஸ்டென்சனின் பெயர்தான். வெயிலில் நாய் மூச்சிரைக்கும்போது ஆவியாகி உடலைக் குளிர்விக்கும் நீரை அந்தச் சுரப்பி கொடுக்கிறது என்று 1972இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இதைக் கேளுங்கள்: அந்த மூக்குச் சுரப்பிக்கும் கண்ணீர்ச் சுரப்பிக்கும் உத்தரவு போகும் நரம்பு வழி ஒன்றுதான்! முகநரம்பிலிருந்து பிரியும் அந்த இழைகள் நடுக்காதை ஒட்டிய எலும்பு வழியாகப் போகின்றன. அதனால் நாயின் நடுக்காதில் கடுமையான தொற்று வந்தால், அந்தப் பக்கத்துக் கண் வறண்டுபோகலாம், அதே பக்கத்து மூக்குத்துளையும் காய்ந்து பொருக்குத் தட்டலாம். ஒரு மூக்குத்துளை ஈரம், இன்னொன்று வறட்சி என்று கண்டால் அனுபவசாலியான மருத்துவர் உடனே அந்தப் பக்கத்துக் கண்ணைப் பார்ப்பார், காதையும் பார்ப்பார்.

சுரந்த கண்ணீர் எங்கே போகிறது? இமைகளின் உள்மூலையருகே, மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு துளைகள். அங்கிருந்து எலும்புக்குள் ஓடும் குழாய் வழியாக நேரே மூக்குக்கு! கண்ணில் பச்சைச் சாயத்தை ஒரு சொட்டு விட்டுக் காத்திருந்தால், சில நிமிடங்களில் மூக்குத்துளையில் பச்சை எட்டிப்பார்க்கும். வழி அடைத்திருந்தால் வராது. வழி சரியாக இல்லாத நாய்களுக்குக் கண்ணீர் கன்னத்தில் வழியும். வெள்ளைப் பொமரேனியன், மால்டீஸ் நாய்களுக்குக் கண்ணுக்குக் கீழே செம்பழுப்பாகக் கோடு விழுகிறதே, அது கண்ணீரில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமி முடியில் படிவது. ரத்தம் என்று நினைத்து அலற வேண்டாம்.

கருவிழிக்குள் ரத்தக்குழாயே கிடையாது. அதனால்தான் அது கண்ணாடியாக இருக்கிறது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனைக் காற்றிலிருந்து வாங்கிக் கொடுப்பது கண்ணீர். கண்ணீர் குறைந்தால் கருவிழி கலங்கும், ரத்தக்குழாய்கள் அதற்குள் படரும், கறுப்பு நிறமி படியும், கடைசியில் பார்வை போகும். நாய்களில் கண்ணீர் குறைவதற்குப் பெரும்பாலான சமயங்களில் காரணம், உடலின் நோயெதிர்ப்புச் செல்களே கண்ணீர்ச் சுரப்பிக்குள் படையெடுப்பதுதான். அப்போது நுண்ணோக்கியில் பார்த்தால் நெஞ்சு கனத்துவிடும்: வட்ட வட்டமாக நின்ற குமிழ்களுக்கு நடுவே ஊதாப் புள்ளிகளாக வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். இன்னும் முற்றினால் குமிழ்களே அழிந்து, அந்த இடம் தழும்பாகியிருக்கும். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோயின் வைரஸும் சுரப்பியைத் தாக்கும். சல்ஃபா வகை மருந்துகள்கூடச் சில நாய்களில் கண்ணீரை வற்ற வைத்துவிடும்.

கண்ணீரை அளக்க என்ன வேண்டும் தெரியுமா? ஒரு துண்டுக் காகிதம்! 5 மில்லிமீட்டர் அகலம், 35 மில்லிமீட்டர் நீளம். 1903இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் ஓட்டோ ஷிர்மர் மனிதர்களுக்காக வகுத்த சோதனை. காகிதத்தின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகுகிறார்கள். நாய் ஒருமுறை தலையை உதறும், இரண்டு முறை கண்ணைச் சிமிட்டும், பிறகு எஜமானரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஈரம் காகிதத்தில் கோடு கோடாக ஏறிக்கொண்டே வரும். மனிதருக்கு 5 நிமிடம், நாய்க்கு 1 நிமிடம் போதும். 15 மில்லிமீட்டரைத் தாண்டி நனைந்தால் நிம்மதி. 10க்குக் கீழே போனால் சிகிச்சை தேவை. 5க்கும் கீழே என்றால் நிலைமை மோசம்.

சிகிச்சைக்கு மருந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அசந்துபோவீர்கள். நார்வேயின் ஹார்டங்கர்விடா பீடபூமியில் 1969இல் எடுத்த ஒரு பிடி மண்ணில் ஒரு பூஞ்சை இருந்தது. அதிலிருந்து கிடைத்தது சைக்ளோஸ்போரின். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்தாக அது புகழ்பெற்றது. நோயெதிர்ப்புத் தாக்குதலை அடக்கும் மருந்து, சுரப்பி மீதான தாக்குதலையும் அடக்குமே என்று அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் கால்நடைக் கண் மருத்துவர் ரெனே காஸ்வான் 1980களில் நாய்களின் கண்ணில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார். வற்றிய கண்களில் மறுபடி கண்ணீர் ஊறியது! அந்த ஆய்வின் வழியில் வந்த சொட்டு மருந்துதான் 2002இல் மனிதர்களின் கண் வறட்சிக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று கண் வறண்ட மனிதர்கள் பலர் நாய்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள்.

மருந்துக்கும் மசியாத கண்ணுக்கு இன்னொரு வழி உண்டு. ஸ்டென்சன் ஆட்டுத் தலையில் கண்டுபிடித்தாரே, அந்த உமிழ்நீர்க் குழாய்! நாயின் கன்னத்தில் அந்தக் குழாயைப் பிரித்தெடுத்து, அதன் வாயைக் கண்ணுக்குள் திருப்பித் தைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு எச்சில்தான் கண்ணீர்! சோற்றுத் தட்டைப் பார்த்தால் நாய்க்கு வாய் ஊறுவதோடு கண்ணும் ஊறும். கண் காயாமல் இருக்க, அவ்வப்போது ஒரு துண்டு பிஸ்கட் கொடுக்கச் சொல்வார்கள். எச்சிலில் உள்ள தாது உப்புகள் கருவிழியில் படியலாம் என்பதால் இது கடைசி வழி.

நாய் உணர்ச்சிவசப்பட்டால் கண் கலங்குமா? ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தில் தகேஃபுமி கிகுசுய் குழுவினர் அதே காகிதத் துண்டை வைத்துப் பார்த்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பல மணி நேரம் பிரிந்திருந்த எஜமானர் திரும்பி வந்தபோது நாய்களின் கண்ணீர் அளவு கூடியது. தெரிந்த வேறொருவர் வந்தபோது அப்படிக் கூடவில்லை! கன்னத்தில் வழியும் அழுகை அல்ல, கண்ணுக்குள்ளேயே பெருகும் ஈரம். ஆக்சிடோசின் ஹார்மோனைக் கண்ணில் விட்டபோதும் கண்ணீர் கூடியது. வாசலில் உங்களைப் பார்த்ததும் வாலாட்டும் அந்த ஜீவனின் கண்களில் அந்த நேரத்தில் கொஞ்சம் கூடுதல் ஈரம் இருக்கிறது என்பதை நம்பலாம்.

இப்போது அந்த மூன்றாம் இமைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். புல்டாக், பீகிள், காக்கர் ஸ்பானியல், லாசா அப்சோ போன்ற இனங்களின் குட்டிகளில் ஒருநாள் திடீரென்று கண்ணின் உள்மூலையில் சிவப்பாக, உருண்டையாக ஒரு கட்டி பிதுங்கி நிற்கும். ‘செர்ரி ஐ’ என்பார்கள். பெரும்பாலும் 2 வயதுக்குள் வரும். அது கட்டி அல்ல. தன் பிடிமானம் தளர்ந்து வெளியே வந்துவிட்ட மூன்றாம் இமைச் சுரப்பி! ஒரு காலத்தில் அதை வெட்டி எறிந்தார்கள், கண் உடனே அழகாகிவிட்டது. பல நாய்களுக்கு ஆண்டுகள் கழித்துக் கண் வறட்சி வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஊற்றை வெட்டி எறிந்தால் வேறென்ன நடக்கும்? இப்போது இமையின் உட்சவ்வில் சிறு பை போலத் திறந்து, சுரப்பியை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறார்கள்.

ஆகவே நாய் வளர்க்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் குட்டிக்கு அந்தச் சிவப்பு உருண்டை வந்தால், ‘உள்ளே வைத்துத் தைக்க முடியுமா டாக்டர்?’ என்று கேளுங்கள். ‘சட்டென்று வெட்டிவிடலாம்’ என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் துடைத்தும் பிசுபிசுப்பான பீளை விடாமல் வந்தால், அது கண் வறட்சியாக இருக்கலாம், வீட்டில் மிச்சமிருக்கும் மனிதச் சொட்டு மருந்தை ஊற்றாதீர்கள். அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை, கருவிழியில் புண் இருந்தால் கண்ணையே கெடுத்துவிடும். மருத்துவரிடம் கூட்டிப்போய், அந்தக் காகிதத் துண்டுச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு நிமிடம்தான் ஆகும்.